பாதி வெள்ளை, பாதி மஞ்சள்

இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வெளியே வரும் படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து எதிரெதிரே நின்று, நீளவாக்கில் ஒரு மடிப்பு. சுருக்கம் போக ஓர் இழுப்பு. பிறகு ஒருத்தி மற்றவளை நோக்கி நடந்து போய்த் தன் கையிலிருக்கும் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு, கீழே தொங்கும் மடிப்பைக் குனிந்து எடுத்துக்கொண்டு பின்னால் வர வேண்டும். மறுபடி இழுப்பு, மறுபடி நடை. ஒரு விரிப்புக்கு மூன்று நடை. அந்தச் சலவைக்கூடத்தில் ஒரு ஷிப்டுக்கு முந்நூறு ஆஸ்பத்திரி விரிப்பு வரும். பதினோரு வருஷமாக அதையெல்லாம் மடித்துவந்தது ஓரகத்திகள் இருவர். அண்ணன் பெண்டாட்டி ஒருத்தி, தம்பி பெண்டாட்டி ஒருத்தி. வீட்டிலும் ஒரே அடுப்பு, ஒரே சாப்பாட்டு மேசை.

மூத்தவள் செத்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

அவளுக்குப் பதிலாக இன்னும் ஆள் போடவில்லை. சுவரில் இரண்டு கொக்கி அடித்துக் கொடுத்திருந்தார்கள். இளையவள் முனைகளைக் கொக்கியில் மாட்டிவிட்டு, தன் பக்கத்தைப் பிடித்துப் பின்னால் நகர்ந்தாள். விரிப்பு விறைத்தது. அவள் இன்னும் இழுக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து சின்னதாக இரண்டு வெட்டு வந்தது. டப், டப்.

அது மூத்தவளின் கை. மற்றவர்கள் ஒரே இழுப்பாக இழுப்பார்கள். அவள் மட்டும் சின்னதாக இரண்டு முறை வெட்டி இழுத்து, "பிடிச்சுக்கோ, வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நடப்பாள். காலையிலிருந்து மாலை வரை அதே இரண்டு வெட்டு, அதே பேச்சு.

இளையவள் கையை விட்டுவிட்டாள். விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது.

"என்னடி, திரும்பவுமா?" என்று கேட்டாள் சோப்புக்காரி. பெரிய தொட்டிகளில் சோப்புத் தூள் கலக்குகிறவள். எதற்கும் சிரிக்கக்கூடியவள், அன்று சிரிக்கவில்லை. "விழுந்தது விழுந்துடுச்சு, நான் மறுபடி அலசிக்கிறேன். நீ இந்த ஸ்டூல்ல உக்காரு."

"அக்கா இழுத்தாங்க."

"கொக்கி ஆடியிருக்கும். உருளை ஓடுற வேகத்துக்கு இந்தச் சுவரே ஆடுது, கொக்கிக்கு என்ன?"

"உருளை ரெண்டு தடவையா ஆடும்?"

சோப்புக்காரி குழாயைத் திறந்தாள். கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து அவள் பிடரியில் போட்டாள். இளையவளின் கழுத்திலிருந்து நெற்றி வரை சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ அடுப்பை மூட்டியது மாதிரி. முதுகில் வேர்வை வழி பிடித்து இறங்கியது. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று பத்து.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது. விலக்கு நின்ற நாளிலிருந்து அவளுக்கும் இந்தச் சூடு உண்டு, ஆனால் விடியற்காலையில் வரும். மதியம் மூன்று மணிக்கு வந்தது மூத்தவளுக்கு. அது தவறாமல் வருவதைப் பார்த்து அவளே கேலி செய்வாள்: "மூணு மணி ரயில் வந்துடுச்சுடி, கொடி காட்டு." இப்போது அந்த ரயில் இவள் உடம்புக்குள் வந்து நின்றது.

"ஆபீஸ்ல சொல்லச் சொன்னாங்க," என்றாள் சோப்புக்காரி, தயங்கித் தயங்கி. "அந்த மருந்து ஆராய்ச்சி நர்ஸ் போன் பண்ணுச்சாம். வியாழக்கிழமை கடைசியாம். உன் பாட்டில், உங்கக்கா பாட்டில், எழுதுற அட்டை, எல்லாத்தையும் கொண்டு வரச் சொல்லிச்சாம்."

சோப்புக்காரி நீட்டிய தண்ணீரை இளையவள் வாங்கினாள். குடிக்கவில்லை.

*

பத்து மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்தே ஆள் வந்து சலவைக்கூடத்துப் பெண்களைக் கூப்பிட்டார்கள். ஐம்பதைத் தொட்டவர்கள், சூடும் வேர்வையும் இருப்பவர்கள், ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடியிருப்பவர்கள் வேண்டும் என்றார்கள். இரண்டு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள். வெள்ளை, சூட்டுக்கு. மஞ்சள், கொழுப்புக்கு. எல்லோருக்கும் இரண்டு பாட்டிலும் உண்டு. ஆனால் சிலருக்கு வெள்ளை பாட்டிலில் மருந்து இருக்கும், சிலருக்கு ஒன்றுமில்லாத வெறும் மாத்திரை இருக்கும். மஞ்சளும் அப்படித்தான். யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது. எங்கேயோ ஒரு உறையில் எழுதி ஒட்டி வைத்திருப்பார்கள்.

"ஆண்டவனுக்கு மட்டும் தெரியும்னு சொல்லுங்க," என்றாள் மூத்தவள்.

"ஆமா, அவருக்கும் அந்த கம்ப்யூட்டருக்கும்," என்று நர்ஸ் சிரித்தாள்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மூத்தவளுக்குக் கொழுப்பு இளையவளைவிட அதிகம். மூத்தவளின் புருஷன் தச்சர், வீட்டின் பின்பக்கத்திலேயே பட்டறை வைத்திருப்பவர். "எண்ணெயைக் குறைன்னு நான் சொன்னா கேக்க மாட்டே, நர்ஸ் சொன்னா கேப்பே," என்று அவர் முணுமுணுத்தார். இளையவளின் புருஷன் பஸ் கண்டக்டர். "ஃப்ரீயா டெஸ்ட் பண்றாங்கன்னா விடாதீங்க," என்றான் அவன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பாட்டில். மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நர்ஸ் தட்டில் கொட்டி எண்ணுவாள். எத்தனை முறை சூடு வந்தது, எப்போது வந்தது, எத்தனை முறை உடை மாற்றினோம் என்று அட்டையில் எழுத வேண்டும். இருவரும் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரே பென்சிலால் மாற்றி மாற்றி எழுதுவார்கள்.

முதல் இரண்டு மாதத்தில் இளையவளுக்குச் சூடு அடங்கிவிட்டது. விடியற்காலையில் நனையாத தலையணையில் விழித்தாள். மூத்தவளுக்கு ஒன்றும் மாறவில்லை. ஷிப்டுக்கு இரண்டு ரவிக்கை எடுத்துப் போனாள். மூன்று மணி ரயில் நேரம் தவறவே இல்லை. ஒரு நாள் மடித்துக்கொண்டிருக்கும்போது கண் இருட்டி, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குத்தான் இரண்டாவது தடவை பாட்டில் வாங்கி வந்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் இளையவள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துவந்து, தன் வெள்ளை மாத்திரைகளை அதில் கொட்டினாள்.

"உங்களதையும் கொட்டுங்கக்கா."

"என்னடி பண்றே?"

"எனக்கு வந்தது நல்ல மாத்திரை. உங்களுக்கு வெறும் மாத்திரை, பாத்தாலே தெரியுது. கலந்து பாதி பாதி எடுத்துப்போம்."

"மருந்துலயுமாடி பாகப்பிரிவினை? நர்ஸுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லும்?"

"அது எண்ணித்தானே பாக்கும். எண்ணிக்கை சரியாத்தானே இருக்கும்? நான் மட்டும் தூங்கறேன், நீங்க பக்கத்து ரூம்ல எழுந்து எழுந்து தண்ணி குடிக்கிற சத்தம் கேக்குது. எனக்கு அந்தத் தூக்கம் ஒட்டலக்கா."

மூத்தவள் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு தன் வெள்ளையையும் கொட்டினாள். கூடவே தன் மஞ்சள் பாட்டிலையும் திறந்தாள்.

"அப்ப இதையும் கலப்போம்."

"இது எதுக்கு? மஞ்சள்ல யாருக்கு நல்லது வந்திருக்குன்னு தெரியாதே."

"தெரியாததனாலதான். நல்லது எங்கிட்ட இருந்தா உனக்கும் வரட்டும். வாங்கிக்கிட்டே இருந்தா எனக்குக் கை கூசாதா?"

அவர்களுக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. நாள் முழுக்கத் துணியைச் சரிபாதியாக மடித்து, முனையோடு முனை சேர்த்து, கையிலிருப்பதை மற்றவள் கையில் கொடுத்துக் கொடுத்துப் பழகியவர்கள். தனித்தனிப் பாட்டில்தான் அவர்களுக்கு விநோதமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கிண்ணத்தில் கொட்டிக் கலந்து, வெள்ளையைத் தனியாக, மஞ்சளைத் தனியாகப் பாதி பாதி எண்ணிப் போட்டுக்கொண்டார்கள். மூத்தவளுக்குச் சூடு குறைந்தது. இளையவளுக்குக் கொஞ்சம் திரும்பியது, ஆனால் தாங்கக்கூடியதாக இருந்தது. ரத்தம் எடுப்பார்கள், அதன் முடிவைச் சொல்ல மாட்டார்கள்.

எட்டாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணி. மூத்தவள் இரண்டு முறை வெட்டி இழுத்தாள். "பிடிச்சுக்கோ," என்றாள்.

வர்றேன் என்று சொல்லவில்லை. விரிப்பு தொய்ந்து இறங்கியது. இளையவள் முனைகளை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். அக்கா கீழே விழுந்திருக்கிறாள் என்று புரிய ஒரு நொடி ஆனது. மாரடைப்பு என்றார்கள். அவர்கள் வெளுத்த விரிப்புகள் போகிற அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அதே நீலக் கோடு போட்ட விரிப்பில் கிடத்தினார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அன்றிலிருந்து இளையவள் மாத்திரையைத் தொடவில்லை. ஒரே ஒரு கேள்விதான் அவளுக்கு. நல்ல மஞ்சள் மாத்திரை அக்காவுடையதாக இருந்திருந்தால்? அதில் பாதியை நான் தின்றிருந்தால்?

*

புதன்கிழமை சாயங்காலம் முழுக்க மழை. கண்டக்டர் நனைந்த சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு டீக்கு உட்கார்ந்தான். பட்டறையிலிருந்து மரம் இழைக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு சொல்லிடப் போறேங்க," என்றாள் இளையவள்.

"என்னத்த?"

"கலந்தத."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "உனக்குப் பைத்தியமா? யார் கேட்டா? எண்ணிக்கை சரியா இருக்கா, கொடுத்துட்டு வா."

"அக்கா போற வரைக்கும் எண்ணிக்கை சரியாத்தான் இருக்கு. மத்ததெல்லாம் தப்பா இருக்கே. அந்த மாத்திரை நல்லதா கெட்டதான்னு எங்க அட்டையைப் பாத்துத்தானே முடிவு பண்ணுவாங்க? நாளைக்கு எங்கெங்கயோ இருக்கிற பொம்பளைங்க அதை நம்பி முழுங்குவாங்க."

"ஆயிரம் பேர்ல ரெண்டு பேர். ஒண்ணும் குடி முழுகிடாது."

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தங்க செத்துட்டாங்க."

"அதைத்தான் சொல்றேன்." அவன் நாற்காலியை முன்னால் இழுத்தான். "அண்ணன் காதுல இது விழுந்தா என்ன ஆகும்? என் பெண்டாட்டி மருந்தை உன் பெண்டாட்டி பங்கு போட்டுத் தின்னுட்டாடான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டார்னா? நாப்பது வருஷமா எனக்கு அப்பாவா இருக்கிறவரு. வீடு ரெண்டாயிடும்டி. அண்ணி அதையா விரும்புவாங்க?"

இளையவள் அவனுடைய நனைந்த சட்டையை எடுத்துக் கொடியில் போட்டாள். அலமாரியின் மேல் தட்டில் மூத்தவளின் இரண்டு பாட்டில்களும் அவளே வைத்த இடத்தில் இருந்தன. தெருவில் லாரி போனபோது உள்ளிருந்த மாத்திரைகள் மெல்லக் குலுங்கின. அது லாரிதான் என்று இளையவளுக்குத் தெரியும். ஆனாலும் ஆறு வாரமாக ஒவ்வொரு லாரிக்கும் அவள் அலமாரியைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

இழைக்கும் சத்தம் நின்றது. தச்சர் வாசலில் வந்து நின்றார், தலையெல்லாம் மரத்தூள்.

"நாளைக்கு நானும் வர்றேம்மா," என்றார். "அவ பாட்டிலை நானே கொடுக்கறேன்."

கண்டக்டர் மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

*

நர்ஸின் அறை சின்னது. ஒரு மேசை, எடை பார்க்கும் கருவி, சின்ன மேசை ஃபேன், ஜன்னலுக்கு வெளியே மழை. தச்சர் சலவைச் சட்டை போட்டு, பாட்டில்களை மனைவியின் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்திருந்தார். முடிச்சை அவிழ்க்க அவருக்கு நேரமாயிற்று. நர்ஸ் அவசரப்படுத்தவில்லை.

"அவங்களைப் பத்தி நினைச்சுக்கிட்டே இருக்கேன்," என்றாள் நர்ஸ். "எப்ப வந்தாலும் சாப்பிட்டியான்னு கேப்பாங்க. நோயாளி வந்து நர்ஸைக் கேக்கிறது அவங்க ஒருத்தங்கதான்."

அவள் மஞ்சள் பாட்டிலைத் தட்டில் கவிழ்த்து, தட்டையான குச்சியால் ஐந்தைந்தாக ஒதுக்கினாள். "சொன்னா நம்ப மாட்டீங்க, உங்க ரெண்டு பேர் மாதிரி எண்ணிக்கை சுத்தமா வர்றவங்க ரொம்பக் குறைச்சல். மத்தவங்களுக்கு உங்களைத்தான் உதாரணம் சொல்லுவேன்."

அந்தப் பாராட்டுதான் இளையவளால் தாங்க முடியாமல் போயிற்று. சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. கழுத்தில் சூடு ஏற ஆரம்பித்தது.

"எண்ணாதீங்க நர்ஸம்மா," என்றாள். "அது அக்கா மாத்திரை இல்ல."

குச்சி நின்றது.

"அக்காதும் இல்ல, என்னுதும் இல்ல. ரெண்டையும் கலந்துட்டோம். ரெண்டாவது பாட்டில்லருந்தே. நான்தான் கிண்ணத்தைக் கொண்டு வந்தேன். நான்தான் முதல்ல கொட்டினேன். அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தூங்க முடியாததை, கிண்ணத்தை, பாதி பாதியாக எண்ணியதை. மூத்தவள் மஞ்சள் பாட்டிலைத் திறந்தபோது சொன்ன வார்த்தையையும் விடவில்லை. தச்சர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. வேர்வை மூக்கு நுனியிலிருந்து மடியில் சொட்டியது. நர்ஸ் எழுந்து, தன் பக்கம் இருந்த ஃபேனை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பிறகு போய் டாக்டரை அழைத்துவந்தாள்.

டாக்டரம்மாவுக்கும் அதே வயதுதான் இருக்கும். கையில் ஒரு பழைய கோப்பின் அட்டையை விசிறியாக வைத்திருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க செஞ்சது தப்பு," என்றாள். "சொன்னது ரொம்பப் பெரிய விஷயம். இதை அப்படியே எழுதப் போறேன். உங்க ரெண்டு பேர் அட்டையைப் படிக்கிறவங்க இதையும் சேத்துப் படிச்சாத்தான் மத்த பொம்பளைங்களுக்கு நியாயம்."

"எது யார்கிட்ட இருந்துச்சு டாக்டரம்மா? நல்ல மஞ்சள்?"

"எனக்குத் தெரியாது. எல்லாரும் முடிச்சதும் உறையைப் பிரிப்பாங்க. ரெண்டு மாசத்துல வீட்டுக்குக் கடிதம் வரும்."

"அக்காகிட்ட இருந்திருந்தா? முழுசா சாப்பிட்டிருந்தா இருந்திருப்பாங்களா?"

டாக்டர் விசிறுவதை நிறுத்தினாள். "அந்த மாத்திரை வேலை செய்யுதாங்கிறதே இன்னும் எங்களுக்குத் தெரியாதும்மா. அதைத் தெரிஞ்சுக்கத்தான் உங்களையெல்லாம் கூப்பிட்டோம். தெரியாததைத் தெரியும்னு சொல்லி உங்களைத் தேத்தவும் மாட்டேன், தண்டிக்கவும் மாட்டேன்."

தச்சர் எழுந்தார். மேசைமேல் கிடந்த கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் குடையை விரித்துக்கொண்டு நின்றிருந்தார். வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை. குடையை அவள் பக்கமே பிடித்துக்கொண்டு நடந்தார். வீடு வரும்போது அவருடைய இடது தோளும் முதுகும் தொப்பலாக நனைந்திருந்தன. அதை அவள் பார்த்தாள். ஆனால் பேசாத வாயை மட்டுமே மனசில் வாங்கிக்கொண்டாள்.

*

இரண்டு மாதம் அந்த வீட்டில் பேச்சு செத்துக் கிடந்தது. தச்சர் சாப்பாட்டைப் பட்டறைக்கே கொண்டுவரச் சொன்னார். தட்டு காலியாகத் திரும்பி வரும், கழுவி வரும், ஆள் வரமாட்டார். பட்டறையில் இழைப்புளி ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் சாப்பாடு வைக்கப் போன இளையவள் பார்த்தாள். ஒரே பலகையைத்தான் இழைத்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அளவெடுத்த பலகை, சுருள் சுருளாகக் குறைந்து விரல் கனத்துக்கு வந்திருந்தது.

"சொன்னேன்ல?" என்றான் கண்டக்டர். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சலவைக்கூடத்தில் கொக்கியிலிருந்து வெட்டு வருவது நிற்கவில்லை. டப், டப். கொடு, கொடு என்று கேட்பது மாதிரி இருந்தது அவளுக்கு. என் பாதியைக் கொடு. அவள் வாய்க்குள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டே மடித்தாள். ஆண்டவனே, அவங்களுக்கு என்மேல கோபம்னா நேரா சொல்லச் சொல்லு. சோப்புக்காரி இப்போதெல்லாம் மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே நனைத்த துணியோடு வந்து நிற்பாள். "ரயில் வருது, நவுரு," என்பாள். தன் தொட்டியை அப்படியே போட்டுவிட்டுக் கொக்கிப் பக்கம் நின்று பத்து விரிப்பு மடித்துக் கொடுத்துவிட்டுப் போவாள். அவள் நிற்கும்போது மட்டும் அந்த வெட்டு வராது.

கடிதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வந்தது. முந்தின நாள் வீட்டில் ஆள் இல்லாததால் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். கண்டக்டர் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் பட்டறையைப் பார்த்துக் கூப்பிட்டான். "அண்ணா, வந்துடுச்சு."

தச்சர் வந்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, தன் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலி மூத்தவளுடையது. அதில் யாரும் உட்கார்வதில்லை.

"படி," என்றார்.

கண்டக்டர் டிக்கெட் எண் வாசிக்கிற குரலில் வாசித்தான். குரல் பாதியில் மாறிற்று. "மூத்தவங்க. வெள்ளை, வெறும் மாத்திரை. மஞ்சள்... மருந்து. இளையவங்க. வெள்ளை, மருந்து. மஞ்சள், வெறும் மாத்திரை."

இளையவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஆக, அப்படித்தான். நல்ல மஞ்சள் அக்காவுடையதாகத்தான் இருந்தது. அதில் பாதி தன் ரத்தத்தில் ஓடியிருக்கிறது. அவள் எழுந்து தச்சரின் காலடியில் உட்காரப் போனாள். அவர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"உக்காரும்மா. நாற்காலியில உக்காரு. நான் பேசணும்."

அவள் உட்கார்ந்தாள். எந்த நாற்காலி என்று பார்க்கவில்லை. மூத்தவளுடையதில்.

"நான் உம்மேல கோபமா இருக்கேன்னு நீங்க ரெண்டு பேரும் நினைச்சீங்க. நினைக்கட்டும்னு விட்டுட்டேன், அது எனக்கு சௌகரியமா இருந்துச்சு." அவர் விரலிலிருந்த மரத்தூளைத் துடைத்தார். "அன்னிக்குக் காலையில அவ கட்டில்ல உக்காந்து, நெஞ்சு கனமா இருக்குங்கன்னா. இடது கை மரத்துப்போற மாதிரி இருக்குன்னா. நான் வாயுவா இருக்கும், சுடுதண்ணி குடின்னேன். லீவு போடட்டுமான்னு கேட்டா. சின்னவ ஒத்தையா என்ன பண்ணும், போன்னேன். போனா."

வெளியே தூறல் ஓட்டில் விழும் சத்தம் கேட்டது.

"இதை நான் யார்கிட்டயும் சொல்லல. டாக்டர் கேட்டப்பவும், காலையில நல்லாத்தான் இருந்தாள்னு சொன்னேன். அந்த நர்ஸ் ரூம்ல நீ நாலு பேர் முன்னால வேர்வை சொட்டச் சொட்ட எல்லாத்தையும் கொட்டினே பாரு, எனக்கு அங்க உக்கார முடியல. நீ குழந்தை மாதிரி ஒண்ணையும் மறைக்காம சொல்றே, நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். உன் முகத்தைப் பாக்க வெக்கமா இருந்துச்சு. அதான் பட்டறையிலயே கிடந்தேன்."

"அண்ணா," என்றான் கண்டக்டர். தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினான்.

"மாமா," என்றாள் இளையவள், "அது வாயுன்னுதான் யாரும் நினைப்பாங்க. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்."

"அது மாதிரிதான் உன் கிண்ணமும்." அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார், எழுத்தைத் தடவினார். "அவகிட்ட இருந்த நல்லதை உனக்குக் கொடுத்திருக்கா. உங்கிட்ட இருந்த நல்லதை நீ அவளுக்குக் கொடுத்திருக்கே. எது நல்லதுன்னு தெரியாமலே. கடைசி நாலஞ்சு மாசம் என் பக்கத்துல அவ தூங்கினாம்மா. அசந்து தூங்கினா. குறட்டை விட்டா, நான் திட்டினேன். அது உன் வெள்ளை மாத்திரை."

அவர் அழவில்லை. எழுந்து தன் அறைக்குப் போய்க் கட்டிலிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டு வந்தார். மூத்தவள் போன நாளிலிருந்து அதை யாரையும் தொட விடவில்லை. அவள் பக்கத்தில் தலையெண்ணெய்க் கறை இருந்தது.

"இதை வெளுக்கணும்," என்றார்.

இளையவள் அதை வாங்கிக் கையாலேயே துவைத்தாள். மிஷின் வைக்க மனசில்லை. தூறல் விட்டு வெயில் வந்தது. கொல்லைக் கொடியில் போட்டாள், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிட்டது. எடுக்கப் போனபோது தச்சர் பட்டறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளாக ஒன்றும் கேட்கவில்லை. அவராக வந்து அந்தப் பக்கத்து முனைகளைப் பிடித்தார்.

உளி பிடித்த விரல்கள், துணி நழுவியது. மறுபடி பிடித்தார். நீளவாக்கில் மடித்தார்கள். அவள் விரிப்பு விறைக்கும்வரை பின்னால் நகர்ந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து சின்னதாக இரண்டு வெட்டு வந்தது. டப், டப்.

அவள் துணியை விடவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்படித்தானே?" என்றார் தச்சர், கூச்சத்தோடு. "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இங்க நானும் அவளும்தான் மடிப்போம். ஒழுங்கா இழுக்கத் தெரியலன்னு முப்பது வருஷம் திட்டியே இதைக் கத்துக்கொடுத்தா. இழுத்ததுக்கு அப்புறம் நடக்கணும்பா. யார் நடக்கணும்னுதான் எனக்கு எப்பவும் மறந்துபோகும்."

அவர் மறந்துபோனவராகவே முனைகளைப் பிடித்தபடி நின்றார். வெயில் அவருக்குப் பின்னாலிருந்து துணியில் ஊடுருவி வந்தது. அந்த இரண்டு வெட்டுக்குப் பிறகு என்ன வரும் என்று இந்த மூன்றரை மாதமாகத் தான் யோசிக்கவே இல்லை என்று இளையவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கொடு என்று அக்கா ஒரு நாளும் சொன்னதில்லை. நடந்து வந்து, தன் கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போகிறவள் அவள்.

"பிடிச்சுக்கோங்க மாமா," என்றாள் இளையவள். "வர்றேன்."

நடந்து போய்த் தன் முனைகளை அவர் கையில் வைத்தாள்.